300 பேர் கொண்ட குருதிக்கொடையாளர் குழுவுக்கு ஏற்றது எது: வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், அரட்டை?

கேள்வி: நெல்லைத் தன்னார்வலர்

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி வட்டாரத்தில் குருதிக்கொடையாளர்களை ஒருங்கிணைக்கும் சிறு தன்னார்வக் குழு ஒன்றில் நான் பொறுப்பில் இருக்கிறேன். சுமார் 300 பேர் உள்ள ஒரே வாட்ஸ்அப் குழுவின் வழியாகத்தான் எங்கள் வேலை முழுவதும் நடக்கிறது. கோரிக்கை வந்ததும் நோயாளியின் பெயர், மருத்துவமனை, வார்டு, இரத்த வகை, தேவைப்படும் யூனிட், உடனிருப்பவரின் கைபேசி எண் ஆகியவற்றைக் குழுவில் இடுவோம். கொடுக்க முடிந்தவர் அங்கேயே பதில் எழுதுவார்.

அண்மைக் காலமாக இரண்டு சிக்கல்கள் எழுந்துள்ளன. குழுவில் உள்ள கல்லூரி மாணவியர் சிலருக்கு முன்பின் அறியாதவர்களிடமிருந்து இரவு நேரங்களில் அழைப்புகள் வருகின்றன. அவர்களுடைய எண்கள் எங்கள் குழுவிலிருந்தே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதைவிட வேதனையானது, கொடையாளர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர் நோயாளியின் உறவினரை அழைத்து, வண்டிச் செலவுக்கு முன்பணம் அனுப்பினால்தான் வருவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வராமலே போய்விட்டார். பதறிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு எங்கள் வழியாக இப்படி ஒரு துன்பம் நேர்ந்ததை எங்களால் ஏற்க முடியவில்லை.

எனவே வேறு செயலிக்கு மாறலாம் என்று முடிவெடுத்தோம். எந்தச் செயலி என்பதில்தான் ஒத்த கருத்து இல்லை. இளைஞர்கள் டெலிகிராம் என்கிறார்கள். ஒருவர் சிக்னல்தான் பாதுகாப்பானது என்கிறார். நம் ஊர் நிறுவனம் உருவாக்கிய அரட்டை இருக்கும்போது வெளிநாட்டுச் செயலி எதற்கு என்று இன்னொருவர் கேட்கிறார். ஐம்பதைக் கடந்த கொடையாளர் பலருக்கு வாட்ஸ்அப் தவிர வேறொன்றும் பழக்கமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: தேர்வுப் பயிற்சிக் குழு நிர்வாகி

போட்டித் தேர்வு எழுதுவோருக்கான படிப்புக் குழுக்களை டெலிகிராமில் நடத்திவருகிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். ஒரு குழுவில் 2,00,000 பேர் வரை சேரலாம், 2 ஜிபி வரையுள்ள கோப்புகளை அனுப்பலாம், நிர்வாகி அனுமதித்தால் புதிதாகச் சேர்பவர் பழைய செய்திகளையும் படிக்கலாம். தன் கைபேசி எண் எவருக்கும் தெரியாதபடி ஒவ்வொருவரும் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளவும் முடியும். மாணவியர் எதிர்கொள்ளும் தொல்லை இதனாலேயே பெருமளவு குறையும் என்று நினைக்கிறேன். குழுவைப் பொதுக்குழுவாக வைக்காமல் தனிக்குழுவாக வைப்பது மட்டும் முக்கியம். பொதுக்குழு தேடலில் கிடைத்துவிடும் என்பதால், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடுவார்கள்.

பதில் 2: மென்பொருள் பணியாளர், சென்னை

ஐயா, உங்கள் கேள்வியில் ஒன்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு செய்தியை யாருடைய பார்வையிலிருந்து காக்க விரும்புகிறீர்கள்? செயலியை நடத்தும் நிறுவனத்திடமிருந்தா, குழுவிலேயே இருக்கும் மற்ற உறுப்பினர்களிடமிருந்தா, அல்லது ஓர் உறுப்பினரின் கைபேசியையோ கணக்கையோ கைப்பற்றிய வெளியாளிடமிருந்தா? இந்த மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. செயலிகளைப் பற்றி நடக்கும் விவாதங்கள் பெரும்பாலும் முதலாவதைச் சுற்றியே அமைகின்றன. உங்களுக்கு நேர்ந்த இரண்டு சிக்கல்களும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

முதல் வகையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வாட்ஸ்அப் 2016 ஏப்ரல் முதல் எல்லா உரையாடல்களுக்கும் முழு மறையாக்கம் தருகிறது. அனுப்புபவர், பெறுபவர் ஆகியோரின் கருவிகளைத் தவிர இடையில் எவரும், அந்த நிறுவனமும்கூட, செய்தியைப் படிக்க முடியாது. அதற்கு அடிப்படையான மறையாக்க முறை சிக்னலை உருவாக்கியவர்கள் வகுத்ததுதான். ஆனால் யார், யாரோடு, எப்போது தொடர்புகொண்டார் என்பது போன்ற தகவல்களை வாட்ஸ்அப் திரட்டுகிறது. 2021-இல் அது கொண்டுவந்த தனியுரிமைக் கொள்கை மாற்றத்துக்காகத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துக்கு ரூ. 213.14 கோடி அபராதம் விதித்தது. சிக்னலோ இத்தகைய தகவல்களை வைத்துக்கொள்வதையே தவிர்க்கிறது. 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தபோது கணக்குத் தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அதனிடம் கொடுப்பதற்கு வேறெதுவும் இருக்கவில்லை. அதை நடத்துவது இலாப நோக்கற்ற அறக்கட்டளை. வாட்ஸ்அப்பின் நிறுவனர்களுள் ஒருவரான பிரையன் ஆக்டன் அந்நிறுவனத்தைவிட்டு விலகிய பின் 2018-இல் 5 கோடி டாலர் கொடுத்து அதைத் தொடங்க உதவினார்.

டெலிகிராமைப் பரிந்துரைத்த நண்பரின் கருத்தில் ஒரு பகுதியை ஏற்கிறேன். பாடக் குறிப்புகளைப் பகிர்வதற்கு அதைவிட வசதியான செயலியை நான் அறியேன். நோயாளியின் பெயரும் நோயும் இடம்பெறும் ஒரு குழுவுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. அதில் செய்திகளுக்கு முழு மறையாக்கம் இருப்பது இரகசிய உரையாடலில் மட்டுமே. அதுவும் இருவருக்கிடையே மட்டுமே அமையும். குழுச் செய்திகளுக்கு அது கிடையவே கிடையாது. புதியவர் பழைய செய்திகளைப் படிக்க முடிகிற வசதிக்கும் அதுவே காரணம்: அச்செய்திகள் அந்நிறுவனத்தின் கணினிகளில் அதனால் திறக்கக்கூடிய வடிவில் இருக்கின்றன. படிப்புக் குழுவுக்கு நன்மையாக இருக்கும் இந்த வசதி, உங்கள் குழுவில் நேற்றுச் சேர்ந்த ஒருவருக்குக் கடந்த ஆண்டு சிகிச்சை பெற்றவர்களின் விவரங்களையெல்லாம் திறந்துகாட்டும்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். 300 பேரின் எண்களும் 300 பேருக்கும் தெரிகிற ஓர் அமைப்பில், ஒருவர் தவறானவராக இருந்தாலும் போதும். எவ்வளவு வலுவான மறையாக்கமும் அவரிடமிருந்து உங்களைக் காக்காது. ஏனெனில் அவரும் செய்தியைப் படிக்க உரிமை பெற்றவராகவே உள்ளே அமர்ந்திருக்கிறார். இந்த இடத்தில் சிக்னல் ஓரளவு உதவும். 2024 பிப்ரவரி முதல், உங்கள் எண்ணை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது தெரியும். குழுவில் உள்ள மற்றவர்கள் பெயரை மட்டுமே காண்பார்கள். குழுவில் 1,000 பேர் வரை சேரலாம் என்பதால் உங்கள் எண்ணிக்கைக்கும் அது போதுமானது. ஆனால் உடனிருப்பவரின் எண்ணை நீங்களே செய்தியில் எழுதி அனுப்பும்வரை முன்பணம் கேட்டு ஏமாற்றுபவருக்குச் சிக்னலும் ஒன்றுதான், வாட்ஸ்அப்பும் ஒன்றுதான்.

இதைவிடப் பெரிய தடை ஒன்றும் உண்டு. நள்ளிரவில் ஓ நெகட்டிவ் தேவைப்படும்போது, அந்தக் கொடையாளர் அன்றாடம் திறந்துபார்க்கும் செயலியில் செய்தி வந்தால்தான் பயன். உங்களுக்காக மட்டும் நிறுவிய செயலியைப் பலர் சில வாரங்களில் திறக்க மறந்துவிடுவார்கள். புதிய கைபேசி வாங்கும்போது அதை மீண்டும் நிறுவவும் மாட்டார்கள். கொடையாளர் எல்லோரையும் இடம்பெயரச் செய்வதைவிட வேலை செய்யும் முறையை மாற்றுவதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் பெரிய குழுவைக் கைவிட்டு, வாட்ஸ்அப்பிலேயே உள்ள பிராட்காஸ்ட் பட்டியலை இரத்த வகை வாரியாக உருவாக்குங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சென்று சேரும். பெறுபவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. பதிலும் உங்களுக்கு மட்டுமே வரும். ஏ பாசிட்டிவ் கேட்கும் செய்தி ஓ நெகட்டிவ் உள்ளவரை எழுப்பவும் எழுப்பாது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: பட்டியலை வைத்திருக்கும் ஒருங்கிணைப்பாளரின் எண்ணைக் கொடையாளர் தம் கைபேசியில் சேமித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தி சென்றடையாது. பெயர் சேர்க்கும் நேரத்திலேயே இதை உடனிருந்து செய்துகொடுத்துவிடலாம். பட்டியலை ஒருவரிடம் மட்டும் விடாமல், ஒவ்வொரு ஒருங்கிணைப்பாளரும் தம் கைபேசியில் தனியாக உருவாக்கி வைத்திருக்கட்டும்.

செய்தியில் இரத்த வகை, மருத்துவமனை, எத்தனை யூனிட், எந்த நேரத்துக்குள் என்பவை மட்டும் இருந்தால் போதும். வருகிறேன் என்று உறுதியளித்தவருக்கு மட்டும் உடனிருப்பவரின் எண்ணை அனுப்புங்கள். கொடையாளரின் பெயரை உறவினரிடமும் முன்கூட்டியே நீங்களே தெரிவித்து, எங்கள் குழுவிலிருந்து வருபவர் எவரும் பணம் கேட்கமாட்டார் என்பதையும் அதே அழைப்பில் சொல்லிவிடுங்கள். பணத்துக்கு இரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது என்பதையும் குடும்பத்தார் அறிந்திருப்பது நல்லது.

ஒருங்கிணைப்பாளர்கள் ஐந்தாறு பேருக்கு மட்டும் சிக்னலில் ஒரு சிறு குழு தொடங்கலாம். யார் எந்தக் கோரிக்கைக்குச் செல்கிறார், கடைசியாக எப்போது கொடுத்தார் என்ற விவரங்கள் அங்கே இருக்கட்டும். ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும்தான் கொடுக்க முடியும் என்பதால், இந்தப் பதிவேடு சரியாக இருந்தால் பாதிப் பேரை அழைக்க வேண்டிய தேவையே இருக்காது. சிறிய குழு என்பதால் புதிய செயலியைக் கற்றுக்கொடுப்பதும் எளிது. பதிவேட்டைத் தனியே குறித்து வைத்துக்கொண்டு, மறைந்துவிடும் செய்தி வசதியையும் அங்கே இயக்கி வையுங்கள்.

மூன்றாவது வகை பற்றி ஒரு சொல். ஒருங்கிணைப்பாளரின் கணக்கு வேறொருவர் கைக்குப் போனால் எல்லாக் கொடையாளரின் எண்களும் போய்விடும். எனவே வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணை அனைவரும் அமைத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை எவர் கேட்டாலும் தராதீர்கள். இணைக்கப்பட்ட கருவிகள் என்ற பகுதியை அவ்வப்போது பாருங்கள். கூகுள் கணக்கில் சேரும் பேக்கப்புக்கு மறையாக்கம் தானாக இயங்காது. 2021 முதல் அந்த வசதி இருந்தாலும் நாமாகத்தான் அதை இயக்க வேண்டும். அதற்கான கடவுச்சொல்லை மறந்துவிட்டால் பழைய செய்திகளை மீட்கவே முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதில் 3: யாழ்ப்பாணத்து வாசகி

வணக்கம். செயலியைத் தெரிவுசெய்வது பற்றி மேலே கூறப்பட்டவற்றோடு உடன்படுகிறேன். எங்கள் நாட்டு அனுபவத்திலிருந்து ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும் அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. இரண்டாவது முறை அந்தத் தடை ஒரு வாரத்துக்கும் மேலாக நீடித்தது. இங்கு வைபர் பரவலாகப் பயன்பட்டுவந்ததால், ஒன்று நின்றால் மற்றது இருக்கும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றன. காயப்பட்டவர்களுக்கு இரத்தம் தேவைப்பட்ட நாட்கள் அவை என்பதை உங்களைப் போன்ற குழுவினர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தடை இல்லாத நாட்களிலும் இது நிகழலாம். 2021 ஒக்டோபர் 4 அன்று பேஸ்புக் நிறுவனத்தின் (இன்றைய மெட்டா) வலையமைப்பில் ஏற்பட்ட கோளாறினால் வாட்ஸ்அப் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் இயங்கவில்லை. எங்களுக்கும் உங்களுக்கும் அது இரவு ஒன்பது மணிக்குப் பிந்திய நேரம். ஆகவே எந்தச் செயலியைத் தெரிவுசெய்தாலும், இரத்த வகை வாரியான எண்களைத் தாளில் எழுதிப் பொறுப்பான இருவரிடம் கொடுத்து வையுங்கள். அரிதான வகைகளுக்காவது, சாதாரணத் தொலைபேசி அழைப்பில் யார் யாரை அழைப்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் கேட்டவர்: நெல்லைத் தன்னார்வலர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. செயலியை மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த நிலையில், இரத்த வகை வாரியான பட்டியல் என்ற யோசனை எங்கள் எல்லோருக்கும் ஏற்புடையதாக இருக்கிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. அரட்டையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. ஒருங்கிணைப்பாளர் குழுவுக்கு அதைப் பயன்படுத்தலாமா? பழைய வாட்ஸ்அப் குழுவை என்ன செய்வது?

பதில் 4: மென்பொருள் பணியாளர், சென்னை

அரட்டை ஜோஹோ நிறுவனத்தின் செயலி, 2021-இல் வெளிவந்தது. 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென இலட்சக்கணக்கானோர் அதை நிறுவியபோது, குரல், காணொளி அழைப்புகளுக்கு முழு மறையாக்கம் இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இருக்கவில்லை. நம் மண்ணில் உருவான ஒரு செயலி நிலைத்து வளர வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். மருத்துவ விவரங்கள் புழங்கும் குழுவுக்கு அதைத் தேர்ந்தெடுப்பதானால், தனி உரையாடலுக்கு மட்டுமின்றிக் குழு உரையாடலுக்கும் மறையாக்கம் இயங்குகிறதா என்பதைச் செயலியின் அமைப்புகளிலேயே சரிபார்த்த பிறகு தொடங்குங்கள். இயங்கினால் தயங்க வேண்டியதில்லை.

பழைய குழுவைக் கலைப்பதால் மட்டும் பழைய செய்திகள் அழிந்துவிடமாட்டா; அவை ஒவ்வொருவரின் கைபேசியிலும் அப்படியே இருக்கும். ஆகவே முதலில், நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று அமைப்பை மாற்றுங்கள். புதிய ஏற்பாட்டை விளக்கி, ஒருங்கிணைப்பாளரின் எண்ணைச் சேமித்துக்கொள்ளுமாறும், அதன்பின் குழு உரையாடலை முழுவதுமாக அழித்துவிடுமாறும் ஓர் அறிவிப்பு இடுங்கள். குழு அழைப்பு இணைப்பை மீட்டமைத்துவிட்டால் பழைய இணைப்பின் வழியாக எவரும் புதிதாக உள்ளே வர முடியாது. இரண்டு வாரம் கழித்து, எண்ணைச் சேமிக்காதவர்களைத் தனியாக அழைத்துப் பேசிவிட்டு, ஒவ்வொருவராக நீக்கிக் குழுவை மூடிவிடலாம்.