கொரில்லா வீடியோ இனி எடுபடுமா?

கரும்பலகை: முதலாண்டு உளவியல் மாணவர்களுக்கு அடுத்த வாரம் கவனம் பற்றிய பாடம். சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரின் 1999 ஆய்விலிருந்து கொரில்லா வீடியோவைத்தான் எப்போதும் போடுவேன். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்வது, நடுவே கொரில்லா வேஷத்தில் ஒருவர் வந்து மார்பில் தட்டிவிட்டுப் போவது. அந்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. இப்போதோ நான் பிளே அழுத்துவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து "மேடம், கொரில்லா வரும்!" என்று குரல். வேறு என்ன காட்டலாம்?

தேநீர்வேளை: சைமன்ஸே 2010-இல் இன்னொன்று வெளியிட்டார், அதைப் போடுங்கள் மேடம். கொரில்லாவுக்காகவே காத்திருப்பவர்கள் திரைச்சீலை நிறம் மாறுவதையும், கறுப்புச் சட்டை ஆட்டக்காரர் ஒருவர் நழுவிப் போவதையும் கோட்டை விடுவார்கள். கத்துகிற பையனை முன் வரிசையில் உட்கார வையுங்கள்.

மூன்றாம்மணி: கவனத்துக்கு அது போதும். சமூக உளவியல் வரும்போது ஹைடர், சிம்மல் இருவரின் 1944 அசைவுக் குறும்படத்தை மறக்காதீர்கள். இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் கதவு வைத்த ஒரு கட்டத்தைச் சுற்றி நகரும், அவ்வளவுதான். பார்த்ததை எழுதச் சொன்னால் என் மாணவி ஒருத்தி, "பெரிய முக்கோணம் மாமனார் மாதிரி மிரட்டுது" என்று எழுதினாள். மூல ஆய்வில் 34 பேரில் ஒருவர்தான் வெறும் வடிவங்களாக விவரித்தார். பேச்சே இல்லாததால் ஆங்கில உச்சரிப்புத் தொல்லையும் இல்லை.

கரும்பலகை: பேச்சில்லாததே பெரிய வரம், எங்கள் ஸ்பீக்கர் கரகரக்கிறது. சரி, இரண்டையும் பென்டிரைவில் ஏற்றிவிடுகிறேன். வகுப்பில் நெட்டை நம்பினால் வட்டம் மட்டும்தான் சுற்றும்.