வெட்ஜ்வுட் மியூசியம்: தொழிற்சாலையின் கடனுக்கு மியூசியத்தின் பீங்கான் எப்படிப் பொறுப்பானது?

சக்கரம்சுற்றி:
இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் அருகே பார்லஸ்டனில் இருக்கும், வெட்ஜ்வுட் என்ற பீங்கான் கம்பெனியின் மியூசியத் தொகுப்பு ஏலத்துக்குப் போகவிருந்ததாகப் படித்தேன். கடன்பட்டது கம்பெனி, மியூசியமோ தனி அறக்கட்டளை. பிறகு எப்படி? இதில் ஒரு சின்ன மியூசியம் கவனிக்க வேண்டியது என்ன?

பதிவேடு:
கடன் ஓய்வூதியத் திட்டம் வழியாக வந்தது. கம்பெனியின் தாய்க் குழுமமான வாட்டர்ஃபோர்ட் வெட்ஜ்வுட் 2009 ஜனவரியில் நொடித்தபோது குழுமத் திட்டத்தில் பற்றாக்குறை சுமார் 13.4 கோடி பவுண்டு. மியூசிய ஊழியர் 5 பேர் அதே திட்டத்தில் இருந்தார்கள். பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் இத்தகைய திட்டத்தில் மற்றவை திவாலானால், மிஞ்சி நிற்கும் நிறுவனத்தின் தலையில் முழுப் பற்றாக்குறையும் விழும். அந்த 5 பேருக்கான பங்கு மட்டுமல்ல. 2010-ல் அறக்கட்டளையும் திவால் நிர்வாகியிடம் போனது.

அடுத்த கேள்வி, பீங்கான் யாருடையது என்பது. அறக்கட்டளை என்று பெயர் இருந்தாலும் சட்டப்படி அது ஒரு கம்பெனி. தொகுப்பு அதன் சொந்தச் சொத்து, ஆகவே கடன் வர வேண்டியவர்களுக்குக் கிடைக்கும் என்று 2011 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீடு இல்லை என்று 2012-ல் அட்டர்னி ஜெனரல் முடிவெடுத்தார்.

சூளைவாசி:
ஒன்று சேர்க்கிறேன். ஏலத்தில் அழகான ஜாடிகளுக்கு வாங்க ஆள் வரும். கம்பெனியை நிறுவிய ஜோசயா வெட்ஜ்வுட், ஜாஸ்பர் என்ற மெருகில்லாத பீங்கானை உருவாக்கச் சுட்டுப் பார்த்த சோதனைத் துண்டுகளுக்கு? விரல் அகல மண் சில்லுகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். அந்த எண்ணைச் சோதனை நோட்டில் பார்த்தால்தான் என்ன கலவை என்று தெரியும். சிலவற்றில் டி.டி.பி.ஓ. என்ற குறி: பிஸ்கட் சூளையின் (மெருகு பூசுமுன் முதல் முறை சுடும் சூளை) உச்சியில் வைத்துச் சுட்டது. சூளைக்குள் இடத்துக்கு இடம் வெப்பம் மாறும், அதனால் இந்தக் குறி அவசியம். சில்லு ஒருவரிடமும் நோட்டு இன்னொருவரிடமும் போனால் இரண்டுமே ஊமை. மியூசியத்தின் ஆவணக் காப்பகம் 2011-ல் யுனெஸ்கோவின் பிரிட்டிஷ் நினைவுப் பதிவேட்டில் ஏறியது. இதைப் பிரித்து விற்கலாம் என்று யோசித்ததே எனக்குப் பொறுக்கவில்லை.

சக்கரம்சுற்றி:
சரி, கடைசியில் மீண்டது எப்படி?

சூளைவாசி:
1.575 கோடி பவுண்டு கொடுத்து மொத்தமாக வாங்கினார்கள். பெரும்பகுதி ஹெரிடேஜ் லாட்டரி ஃபண்ட், ஆர்ட் ஃபண்ட் போன்ற அமைப்புகளிடமிருந்து. மீதி 27.4 லட்சத்துக்கு 2014 செப்டம்பரில் பொதுமக்களிடம் கேட்டார்கள். ஏறக்குறைய ஒரே மாதத்தில் சேர்ந்தது. இப்போது உரிமை லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கு, பொருள் பார்லஸ்டனிலேயே நீண்டகால இரவலில். இதுதான் சரியான ஏற்பாடு: 1983-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் அந்த மியூசியம் பொருளை விற்பதற்குக் கடும் வரம்பு போட்டிருக்கிறது.

பதிவேடு:
சின்ன மியூசியத்துக்கு வருகிறேன். தொகுப்பை வைத்திருக்கும் அமைப்பும் ஆள் வேலைக்கு வைக்கும் அமைப்பும் ஒன்றாக இருக்கவே கூடாது. டிக்கெட், சம்பளம், கடை எல்லாம் ஒரு கம்பெனியில். பொருள்கள் தனி அறக்கட்டளைப் பத்திரத்தில். ஆனால் நெருக்கடி வந்தபின் மாற்றினால் பயனில்லை. பிரிட்டனின் 1986-ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி, கடன் கட்ட முடியாத நிலையில் இருந்துகொண்டு திவாலுக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் சொத்தைச் சும்மா கைமாற்றியிருந்தால் நிர்வாகி நீதிமன்றம் போய் அதைத் திருப்பலாம்.

கூட்டு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தால் அவசரப்பட்டு வெளியேறாதீர்கள். திட்டத்தில் இருக்கும் உங்கள் கடைசி ஊழியர் விலகினாலே 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 75-ஆம் பிரிவுக் கடன், அதாவது பற்றாக்குறைக்காக நீங்கள் கட்ட வேண்டிய தொகை, எழலாம். முதலில் ஆக்சுவரியிடம் (ஓய்வூதியக் கணக்கைப் போடும் நிபுணர்) தொகை கேளுங்கள். மற்ற நிறுவனங்கள் நிமிர்ந்து நிற்கும்போது விலகினால் பொதுவாக உங்கள் பங்கோடு முடியும். விழுந்தபின் அந்த வாய்ப்பு போய்விடும்.

அப்புறம் மியூசியத்துக்கு வந்த பொருள்களின் பதிவேட்டைத் திறந்து, நன்கொடைக் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுங்கள். 'மியூசியத்துக்கு' என்று மட்டும் எழுதியிருப்பவற்றைத் தனியே வையுங்கள்; அவை அமைப்பின் சொந்தச் சொத்தாகக் கருதப்படலாம். கொடுத்தவர் இருக்கும்போதே நோக்கத்தை எழுத்தில் வாங்குவது சுலபம்.