மறு: யோவாக்கிமின் மூன்று காலங்கள் – 'யுகமா', 'பருவமா'?

> 'யுகம்' என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் உடனே புரியும்.

ஐயா, யோவாக்கிம் வரலாற்றைப் பிரித்த மூன்று காலங்களைத் தமிழில் எந்தச் சொல்லால் பெயர்ப்பது என்பதுதானே கேள்வி? 'யுகம்' உடனே புரிவதுதான் இங்கே சிக்கல். யுகம் என்றதும் மனம் கிருதத்தில் தொடங்கிக் கலிக்கு இறங்கிவிடும். தென் இத்தாலியின் கலாப்ரியாவில் கிறிஸ்தவ மடாதிபதியாக இருந்த ஃபியோரே யோவாக்கிம் (இறப்பு 1202) சொன்னதோ ஏறுமுகம்: தந்தையின் காலத்தில் அச்சம், மகனின் காலத்தில் விசுவாசம், தூய ஆவியின் காலத்தில் அன்பு.

அவர் எழுதிய லத்தீன் சொல் 'ஸ்டாட்டுஸ்'. 'நிலை' என்றால் அகராதிக்குச் சரி. ஆனால் நிலை நின்றுவிடுகிறது, அவருடைய வரலாறு வளர்கிறது. அதனால்தான் 'பருவம்' என்கிறேன். அவர் தரும் உவமைகளையே பாருங்கள்: குளிர்காலம், வசந்தம், கோடை, புல், கதிர், மணி. கதிர் பிடிக்கும்போது பயிரின் பச்சை உடனே போய்விடுவதில்லை, இல்லையா? அவர் கணக்கிலும் அப்படித்தான். மூன்றாவது காலம் 6-ஆம் நூற்றாண்டுத் துறவி பெனடிக்ட் நாளிலேயே முளைவிட்டது, விளைச்சல்தான் பிறகு. யுகங்களுக்கு நடுவே சுவர் உண்டு. பருவங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவும்.

> பருவம் ஆண்டுதோறும் திரும்பி வருமே?

மழைப் பருவம் வரும். ஒரு பயிரின் பருவமோ, ஆளின் பருவமோ திரும்பாது. அந்தப் பொருளில்தான் எடுக்கிறேன். உண்மையான தொல்லை வேறு: 'மூன்றாம் பருவம்' என்றால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடநூல்தான் ஞாபகம் வரும்! எண்ணை விட்டுவிட்டு 'ஆவியின் பருவம்' என்று எழுதினால் தீர்ந்தது.

பிற்காலத்தையும் இந்தச் சொல் தாங்கும். மத்தேயு நற்செய்தி சொல்லும் 42 தலைமுறை, தலைமுறைக்கு 30 ஆண்டு என்று பெருக்கி, 1260-இல் ஆவியின் பருவம் வரும் என்று அவரைப் பின்பற்றியவர்கள் எதிர்பார்த்தார்கள். 1254-இல் பாரிஸில் ஜெரார்டு என்ற பிரான்சிஸ்கன் துறவி, யோவாக்கிமின் நூல்களே 'நித்திய சுவிசேஷம்' என்று கிளம்பி, மறு ஆண்டே திருச்சபையின் கண்டனத்துக்கு ஆளானார். 1260-இல் இத்தாலியின் பெரூஜாவில் தொடங்கி மக்கள் ஊர் ஊராகத் தம்மையே சாட்டையால் அடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டும் கடந்தது. கணக்குத் தவறியும் சட்டகம் சாகவில்லை. 1780-இல் ஜெர்மன் எழுத்தாளர் லெசிங், மனித இனம் பிள்ளைப் பருவத்திலிருந்து முதிர்வதைப் பற்றி எழுதியபோது 'நித்திய சுவிசேஷம்' பேசிய இந்தக் கூட்டத்தை நினைவுகூர்ந்து, அவர்கள் செய்த பிழை அவசரம் மட்டுமே என்றார். அங்கே போய் 'யுகம்' போட்டால் வாக்கியமே கெட்டுவிடும்.

இன்னொன்று. 'தீர்க்கதரிசி யோவாக்கிம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டத்தை அவரே ஏற்கவில்லை. தமக்குக் கிடைத்தது வேதத்தைப் புரிந்துகொள்ளும் வரம்தான் என்றார். 'மறைவிளக்குநர்' போதும்.

அந்திக்கிறிஸ்துவா, எதிர்க்கிறிஸ்துவா என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள். இதில் கலந்தால் இரண்டும் முடியாது.