திருமண வீடியோவுக்கு எந்த கேம்கார்டர் நல்லது?

நண்பர்களே, வணக்கம். திருமணம், விழாக்கள் எடுக்க ஒரு நல்ல கேம்கார்டர் வாங்க வேண்டும். ஃபுல் எச்டி போதும், ஃபோர்கே கட்டாயமில்லை. மங்கலான வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகத் தெரியக் கூடாது, அதுதான் எனக்கு முக்கியம். அதனால் ஒரு அங்குல சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு; பெரிதாக இருந்தால் மங்கலிலும் படம் தெளிவாக இருக்கும்) உள்ள சோனி இசட்90, பானாசோனிக் எக்ஸ்2 இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவதில் ஆப்டிகல் ஜூம் 12 மடங்கு, இரண்டாவதில் 20. கூட்டத்துக்குப் பின்னால் நின்று மேடையில் இருப்பவர் முகத்தை நெருக்கமாக எடுக்க 12 போதுமா? குறுக்கே ஆட்கள் நடந்தால் ஃபோகஸ் முகத்தை விட்டு ஓடாமல் நிற்கிறதா? இரண்டு மெமரி கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் வசதியை மட்டும் விடவே மாட்டேன்; அந்த நிமிடங்களைத் திரும்ப எடுக்க முடியாதே. அப்புறம், மணிக்கணக்கில் ஓடினால் சூடாகிறதா? இவற்றில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.