புதுப்பிப்பு: லண்டன் குளிரைத் தாண்டிய சாடிப் பனை

லண்டனில் அண்ணா சாடியில் வளர்க்கும் சூசான் பனையைக் குளிர்காலத்தில் எங்கே வைப்பது என்று ஐப்பசியில் கேட்டிருந்தேன். மரம் தப்பிவிட்டது.

வீட்டுக்குள் எடுக்கச் சொன்னவர்களே அதிகம். அண்ணா எடுக்கவில்லை. சீனாவின் மலைப்பக்கத்து மரம் அது. நிலத்தில் நன்றாக வேரூன்றினால் மைனஸ் 10 பாகையையும் தாங்கும். சாடியில் வேருக்கு அவ்வளவு பாதுகாப்பு இல்லைதான். ஆனால் லண்டனில் குளிரைவிட ஈரம்தான் எமன். அதனால் சுவரோரம், கூரை நீட்டுக்குக் கீழே, செங்கல் மேல் சாடியை ஏற்றி, அடித்தட்டை எடுத்துவிட்டார். உறைபனி இரவுகளில் மட்டும் சாடியைச் சுற்றிச் சாக்கு. குருத்தைப் பொலித்தீனால் மூடவேயில்லை. உள்ளே வியர்த்தால் அழுகல் தொடங்கிவிடும்.

பங்குனியில் குருத்தை மெல்ல இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அசையவில்லை. அழுகியிருந்தால் கையோடு வந்துவிடும். கீழோலைகளில் நுனி கருகியிருக்கிறது, அது பரவாயில்லை.

திருகோணமலையில் நமக்கேது உறைபனி! ஆனாலும் கார்த்திகை, மார்கழி மழையில் முற்றத்துச் சாடிகளுக்கு இதே அழுகல்தான். என் கமுகஞ்சாடியையும் செங்கலில் ஏற்றியாயிற்று. அப்புறம், உரத்துக்கு அவசரமில்லை என்று அண்ணாவிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் புது ஓலை விரியட்டும்.