மறுமொழி: கூறெடுப்புப் பிழையா, கூறெடுப்புக் கோடலா?

> ‘மாதிரிப் பிழை’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம். வேண்டாம் என்பேன். எல்லோரையும் கேட்க முடியாமல் சிலரை மட்டும் கூறாக (sample) எடுக்கும்போது தற்செயலாக நேரும் ஏற்ற இறக்கத்தைத்தான் கூறெடுப்புப் பிழை, அதாவது நீங்கள் சொல்லும் மாதிரிப் பிழை (sampling error), என்கிறோம். ஆட்களைக் கூட்டினால் அது குறையும். நாம் பெயர் தேடுவதோ, எத்தனை பேரைக் கூட்டினாலும் குறையாத, ஒரு பக்கமாகவே இழுக்கும் தவறுக்கு (sampling bias).

1936 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பாருங்கள். லிட்டரரி டைஜஸ்ட் இதழ் கருத்துக்கணிப்புக்காக ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு வாக்கு அட்டை அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. முதன்மை வேட்பாளர்களான ரூஸ்வெல்ட், லாண்டன் இருவரை மட்டும் எடுத்துக்கொண்டால் ரூஸ்வெல்டுக்கு 43 விழுக்காடு. அதாவது ஒருவர் அவருக்கு வாக்களிக்கும் நிகழ்தகவு 0.43. இவ்வளவு பெரிய கூறில் தற்செயல் பிழை 0.1 விழுக்காடுகூட வராது. ஆனால் தேர்தலில் அதே கணக்குப்படி அவர் வாங்கியது 62 விழுக்காடு!

வகுத்தலில் தவறே இல்லை. அந்த 0.43 அட்டையைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு உரிய நிகழ்தகவு. அதை வாக்காளர் எல்லோருக்கும் உரியதாகப் படித்ததுதான் கேடு. முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் இவை இரண்டும் வசதியுள்ளவர்கள் பக்கம்தான் அதிகம். அதிலும் பதில் போட்டவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் பல மடங்கு சிறிய கூறை வைத்தே ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘சார்பு’ நல்ல சொல்தான், ஆனால் கணிதப் பாடத்தில் அதற்கு வேறு பொருள் நிலைத்துவிட்டது. F(x) என்று எழுதுகிறோமே, அது. ‘சாய்வு’ நேர்கோட்டுக்குப் போய்விட்டது. ‘கோட்டம்’ என்றால் வள்ளுவர் கோட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் முன்வைப்பது ‘கோடல்’. துலாக்கோலைச் சொல்லும் குறளில் ‘ஒருபால் கோடாமை’ என்று வருகிறதே, அந்தக் கோடுதல்தான். ஒரு பக்கமாகவே இழுப்பது என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது.

எனக்கு இதில் பெரிதும் பிடித்தது, சொல் கிளைக்கிறது என்பது. கோடிய கூறு, கோடாக் கூறு, கோடா மதிப்பீடு எல்லாம் இயல்பாக வருகின்றன. ‘ஒருதலைச் சார்பற்ற மதிப்பீடு’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் எழுதிப் பாருங்கள், கை ஓய்ந்துவிடும். பழக்கமில்லாத சொல் என்பது உண்மைதான். நிகழ்தகவும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கும்.

அப்புறம் ஒன்று. பட்டியலே கோடியிருப்பது வேறு, பதில் தராதவர்களால் கோடுவது வேறு. முதலாவதைப் பட்டியல் கோடல் எனலாம். இரண்டாவதற்குப் ‘பதிலின்மைக் கோடல்’ சரியா, ‘விடையாமைக் கோடல்’ சரியா?