கன்னு போட்டு 92 நாளாச்சு, பிஜி ஊசி ரெண்டு தடவ போட்டும் மாடு பருவத்துக்கு வரல

பெருந்துறை_பால்:
வணக்கம்ங்க. எச்எஃப் (ஹோல்ஸ்டீன்) கலப்பு மாடு, ரெண்டாவது ஈத்து. கன்னு போட்டு 92 நாளாச்சு, இன்னும் ஒருக்கா கூட கத்தல, வழும்பும் (பருவத்துல வடியற சளி மாதிரி) அடிக்கல. மொதல்ல 18 லிட்டர் கறந்துச்சு, இப்ப 14. 60-வது நாள் கடையில பிஜி (புரோஸ்டாகிளாண்டின் ஹார்மோன்) ஊசி வாங்கிட்டு வந்து தெரிஞ்சவர வெச்சு போட்டேன், 11 நாள் கழிச்சு இன்னொண்ணு, ஒரு அசைவும் இல்ல. போன வாரம் டாக்டர் ஸ்கேன் வெச்சு பாத்துட்டு ஃபாலிக்கிள் இருக்கு 9 மில்லிமீட்டர்ல நிக்குது, சிஎல் இல்லன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிட்டாரு. ஃபாலிக்கிள் இருந்தா முட்டை இருக்குனு தானே? ஊசி டூப்ளிகேட்டா இருக்குமோ?

சித்தோடு_மாட்டுக்காரன்:
முள்ளங்கி, அப்புறம் சோத்துக்கத்தாழை, முருங்கை எலைன்னு வரிசையா குடுங்க தம்பி. எங்கூட்டு மாட்டுக்கு அதுலதான் கேட்டுச்சு.

கால்நடை_டாக்டர்:
ஊசி மேல பழி போடாதீங்க. பிஜி செய்யறது ஒரே வேலை, ஓவரியில (சினைப்பையில) இருக்கற சிஎல்ல கரைக்கும். முட்டை வெடிச்சு வெளிய போன எடத்துல உருவாகுற கட்டிதான் சிஎல், உங்க மாட்டுல முட்டையே இன்னும் வெடிக்கல, அப்புறம் எதைக் கரைக்கும்?

ஃபாலிக்கிள்னா முட்டை வளர்ற நீர்ப்பை, அது அலை அலையா வரும்ங்க. எஃப்எஸ்எச்ங்கற ஹார்மோன் ஏறுனா 4 மி.மீ. சைஸ்ல ஒரு கூட்டம் கெளம்பும், 8.5 கிட்ட வர்றப்ப ஒண்ணு மட்டும் முந்தும். அது விடுற ஈஸ்ட்ரஜனும் இன்ஹிபினும் எஃப்எஸ்எச்ச எறக்கிரும், மத்ததெல்லாம் பட்டினியில சுருங்கிரும். முந்துனது எல்எச்ங்கற இன்னொரு ஹார்மோன வெச்சு பொழைச்சுக்கும். அந்த எல்எச் மூளையில இருந்து மணிக்கு ஒருக்கா போல துடிச்சு துடிச்சு வரணும், உங்க மாட்டுல அது சோம்பேறியா வருது, அதான் 9-ல நின்னு செத்து, மறுபடி புது அலை, மறுபடி 9.

காரணம் வயிறு தாங்க. கறவைக்குப் போற சத்து தின்னுற சத்த விட அதிகம். அப்ப இன்சுலின் எறங்கும், வளர்ச்சி ஹார்மோன் ரத்தத்துல நெறைய இருந்தாலும் ஈரல் அத கண்டுக்காது, ஐஜிஎஃப்-1ங்கற ஹார்மோன் சுரக்காது. எஃப்எஸ்எச்சும் எல்எச்சும் சொல்றது ஃபாலிக்கிளுக்கு நல்லா ஒறைக்கணும்னா இந்த ஐஜிஎஃப்-1 வேணும். விலா எலும்பு எத்தன தெரியுது? தீவனம் என்ன?

பெருந்துறை_பால்:
அஞ்சாறு எண்ணிரலாம்ங்க சார். கலப்புத்தீவனம் 3 கிலோ, மத்தபடி வைக்கோல், கோ-4 தீவனப்புல் கொஞ்சம். தாது உப்பு வாங்கி வெச்சது மூட்டையோட கெடக்கு.

கால்நடை_டாக்டர்:
14 லிட்டருக்கு 3 கிலோ எப்டிங்க காணும்? தீவனத்த ஒரேயடியா கொட்டாம வாரம் ஒரு கிலோவா ஏத்துங்க, இல்லாட்டி வயித்துல புளிச்சுக்கும். மூட்டைய இன்னிக்கே பிரிங்க. நாளைக்கே பருவம் வரும்னு எதிர்பாக்காதீங்க, இப்ப ஸ்கேன்ல தெரியற ஃபாலிக்கிள் பல வாரம் முன்னாடியே வளர ஆரம்பிச்சது, அது பட்டினியில வளந்தது.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன். 10-க்கு மேல போயிருந்தா முட்டைய வெடிக்க வெக்கற ஜிஎன்ஆர்எச் ஊசியோட, புரோஜெஸ்டிரான் ஹார்மோன் விடற சாதனத்த பிறப்புறுப்புக்குள்ள வெச்சு, 7-வது நாள் எடுத்துட்டு பிஜி, 9-வது நாள் மறுபடி ஜிஎன்ஆர்எச், 16-ல இருந்து 20 மணி நேரத்துல சினை ஊசி. 1995-ல அமெரிக்காவுல விஸ்கான்சின்ல உருவாக்குன ஓவ்சிங்க் முறைதான், கூட புரோஜெஸ்டிரான். அந்த 7-வது நாள் பிஜிக்கு வேலை இருக்கும், மொத ஊசியில வெடிச்சிருந்தா சிஎல் வந்திருக்கும்ல. டோஸ் நேர்ல பாக்கற டாக்டர்தான் சொல்லணும், கடையில கேக்காதீங்க.

இன்னொண்ணு, பிஜி மருந்த மாசமா இருக்கறவங்களும் ஆஸ்துமா இருக்கறவங்களும் தொடவே கூடாது, தோல் வழியாவே ஏறும்.

பெருந்துறை_பால்:
ஐயோ சார், ரெண்டாவது ஊசிக்கு மருந்த சிரிஞ்சுல உறிஞ்சி குடுத்ததே எங்கம்மா, அவங்களுக்கு வீசிங் இருக்கு. நல்லவேளை ஒண்ணும் ஆகல.

சித்தோடு_மாட்டுக்காரன்:
அப்ப முள்ளங்கி வேண்டாமா?

கால்நடை_டாக்டர்:
குடுங்கண்ணா, தீவனத்துக்குப் பதிலா குடுக்காதீங்க.

பெருந்துறை_பால்:
அப்டேட். தீவனம் 6 கிலோவுல நிக்குது, கறவை 15 ஆச்சு. ரெண்டாவது ஸ்கேன்ல 12 மி.மீ. சாதனம் வெச்ச நாலாம் நாள், வெளிய தொங்குற நூல பக்கத்து மாடு நக்கி நக்கி பாதி இழுத்துருச்சு, டாக்டரக் கூப்ட்டு தள்ளி வெச்சு நூல கத்தரிச்சு விட்டோம். 9-வது நாள் சாயந்திரம் ஊசி, மறுநா காலைல பாத்தா கண்ணாடியாட்டம் வழும்பு, வாலுல வைக்கோலோட ஒட்டிக் கெடந்துச்சு, கத்தவும் செஞ்சுது சார், 4 மாசத்துல மொத தடவ. பத்தரைக்கு சினை ஊசி போட்டாச்சு. 30-வது நாள் ஸ்கேன் பாத்துட்டு இங்கயே போடறேன். அதுவரைக்கும் தீவனத்த கொறைக்கலாமாங்க, இல்ல இப்டியே விடட்டா?

கால்நடை_டாக்டர்:
கை வைக்காதீங்க. அப்படியே விடுங்க.